முன்பள்ளி வேலையோடு டிப்ளோமா: எங்கே சறுக்குகிறது?

திருகோணமலையில் பல முன்பள்ளி ஆசிரியைகள் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த கையோடு வேலைக்கு வந்துவிடுகிறார்கள். தகைமையைத் தேடுவது அதற்குப் பிறகுதான். காலை எட்டு மணிக்குத் தொடங்கி பதினொன்றரையோடு பிள்ளைகள் போய்விடுவார்கள், மிச்ச நேரத்தில் படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பதிகிறார்கள். நடுவில் நின்றுபோகிறவர்களில் பாடம் விளங்காமல் நின்றவர்கள் குறைவு. ஒப்படையும் கற்பித்தற் பயிற்சிக் கோப்பும் குவிந்து, தொடவே பயந்து நின்றவர்கள்தான் கூட.

பதியுமுன் சான்றிதழ் எந்த வழியால் வருகிறது என்று பாருங்கள். இலங்கையில் இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகச் சான்றிதழ், டிப்ளோமா வழி. திறந்த பல்கலைக்கழகம் இதைத் தொலைக்கல்வியாக நடத்துவதால் வேலை செய்பவர்களுக்குத் தோதானது. மற்றது தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ வழி. நிறுவனம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டிருக்கிறது என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தால் மட்டும் போதாது. நிறுவனப் பதிவு வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கான அங்கீகாரம் வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் கடைசியில் கையில் கிடைப்பது அந்த நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ் மட்டுமே. இரண்டு இலக்கத்தையும் கேட்டு வாங்கிவிட்டுக் காசைக் கட்டுங்கள். பல வருட அனுபவம் உள்ளவர்கள் முழுப் பாடநெறிக்கும் போகாமல், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் முடியும். அதற்கு அனுபவக் கடிதம் மட்டும் காணாது. செய்த வேலையைக் காட்டும் ஆதாரக் கோப்பு வேண்டும். உங்கள் பகுதிக்கு எது பொருந்தும் என்று பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது மணித்தியாலக் கணக்கு. பல்கலைக்கழக வழியின் தரங்களை வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணித்தியாலக் கற்றல். 30 புள்ளி டிப்ளோமா என்றால் 1500 மணித்தியாலம். சனிக்கிழமை ஆறு மணித்தியாலப்படி 40 வகுப்புக்குப் போனாலும் 240தான் ஆகும். மிச்சம் 1260. அதை ஒன்றரை வருடத்தில், 78 கிழமையில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறத்தாழ 16 மணித்தியாலம். வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் எடுக்கக்கூடிய நேரமில்லை இது. அதனால் வேலை நேரத்துக்குள்ளேயே ஒரு பகுதியைத் தேட வேண்டும். பிள்ளைகள் போனபின் அதே அறையில் ஒரு மணித்தியாலம் இருந்து எழுதினால் கிழமைக்கு ஐந்து கிடைக்கும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று எழும்பினால், சமையலும் பிள்ளையின் டியூசனும் அதை விழுங்கிவிடும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் முதல் எழுத வேண்டியது அவதானக் குறிப்பு, அதாவது ஒரு பிள்ளை செய்வதையும் சொல்வதையும் பார்த்து எழுதும் குறிப்பு. கோப்பில் அதிகம் திருப்பி அனுப்பப்படுவதும் அதுதான். பத்து அவதானிப்பு வேண்டும் என்றால், கடைசிக் கிழமையில் உட்கார்ந்து பத்தையும் நினைவிலிருந்து எழுதுகிறார்கள். மதிப்பீட்டாளருக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி ‘ஆர்வமாகப் பங்குபற்றி’ இருப்பார்கள்.

இப்படி ஒரு குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: “‘ம’ இன்று களிமண் வேலையில் ஆர்வம் காட்டவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவன்.” இதில் அவதானிப்பே இல்லை, முடிவு மட்டும்தான் இருக்கிறது. அதே பிள்ளை, அதே காலை:

“9.10. களிமண் மேசை. ‘ம’ (4 வயது 2 மாதம்) மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று மற்ற மூவரையும் பார்க்கிறான். கைகள் பின்னால். 9.13. ‘ச’ ஒரு உருண்டையை நீட்டுகிறாள். வாங்கவில்லை. ‘அது ஒட்டும்’ என்கிறான். 9.15. ஐஸ்கிரீம் குச்சியை எடுத்துக் களிமண்ணில் குத்துகிறான். சிரிக்கிறான். 9.19. வரிசையாக நாலு துளை. ஒவ்வொன்றையும் தொட்டு ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு’.”

இதை எழுதிவிட்டுத்தான் விளக்கத்துக்குப் போக வேண்டும். அவனுக்கு வேலை பிடிக்காமல் இல்லை, ஒட்டும் தொடுகைதான் பிடிக்கவில்லை. கருவி கிடைத்ததும் சேர்ந்துகொள்கிறான். நாலு வரை பொருளுக்கு ஓர் எண்ணாக எண்ணுகிறான். பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வகுத்த விளையாட்டுப் படிகளில் பார்வையாளர் நிலையிலிருந்து அருகருகே விளையாடும் நிலைக்கு ஒன்பது நிமிடத்தில் வந்திருக்கிறான். அடுத்த நாள் காய்ந்த மணல், பிறகு ஈர மணல், பிறகு களிமண் என்று கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளையையும் கோட்பாட்டையும் அடுத்த செயலையும் இப்படி ஒரே பக்கத்தில் இணைத்தால்தான் புள்ளி வரும். பிள்ளை வளர்ச்சிக் கோட்பாட்டாளர்களான பியாஜேயையும் வைகொட்ஸ்கியையும் இரண்டு பக்கத்துக்குப் பார்த்தெழுதி முன்னால் ஒட்டுவதால் வராது.

இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுத எங்கே நேரம் என்று கேட்பீர்கள். சட்டைப்பையில் போகும் சிறு கொப்பி ஒன்று, ஒரு நாளுக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிடம். நேரமும் பிள்ளை சொன்ன சொல்லும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும், பதினொன்றரைக்குப் பிறகு விரித்தெழுதலாம். பெயருக்குப் பதில் ஓர் எழுத்து. படம் எடுப்பதென்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் முதலில் வேண்டும். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் படம் போடுவதற்கு அவர்கள் ஓம் சொல்லியிருந்தாலும் கோப்புக்கு அது செல்லாது.

கற்பித்தல் சாதனங்களில் இங்கே ஒரு வசதி உண்டு. கடைக்குப் போகாமலே சிப்பி, பனங்கொட்டை, சிரட்டை, பனையோலை எல்லாம் கிடைக்கும். ஆனால் எண்ணுவதற்கு அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை வைக்கவே வேண்டாம். உடைந்த விதையை மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களைச் சோதிக்கும் குழாயின் விட்டம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர். அதற்குள் நுழையும் எதுவும் தொண்டையில் அடைக்கலாம். புளியங்கொட்டை நுழையும், தண்ணீர்ப் போத்தல் மூடியும் நுழையும். முன்பள்ளிக்குத் தம்பி தங்கைகளும் கூட வருவார்கள் என்பதால் சாதனப் பட்டியலில் ‘வயது, மேற்பார்வை’ என்று ஒரு நிரல் போட்டுவிடுங்கள். மேற்பார்வைக்கு வருபவர் கேட்கும் கேள்வியும் அதுதான்.

பயிற்சிக் காலத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதில் நாட்காட்டியைவிட மழையைப் பார்க்க வேண்டும். ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி முடிய வடகீழ்ப் பருவமழை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் மகாவலி பெருகினால் பாதையே மூடும், முன்பள்ளியும் பூட்டும். அதே மாதங்களில்தான் கலைவிழாவும் விடுகை விழாவும். பிள்ளைகள் நடனம் பழகிக்கொண்டிருக்கும் கிழமையில் கற்பித்தற் பயிற்சி எடுத்தால் பாடத்திட்டத்தில் எழுதியது ஒன்று, மேற்பார்வையாளர் பார்ப்பது இன்னொன்று. மாசி முதல் ஆடி வரைக்குள் அதை முடித்துக்கொள்ளப் பாருங்கள். பாடநெறி வேறொரு முன்பள்ளியிலும் சில நாள் பயிற்சி கேட்டால், அதையும் அதே இடைவெளிக்குள் செருகுங்கள். மூதூரில் இருப்பவர் பட்டணத்தில் இடம் எடுத்தால் காலை முதல் பஸ்ஸிலேயே வர வேண்டியிருக்கும். கிண்ணியாவில் எடுத்தால் தூரம் மிச்சம்.

முகாமைக் குழுவோடு பேச வேண்டியதை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பரீட்சை நாட்கள், வெளிப்பயிற்சி நாட்கள், அன்று வகுப்பை யார் பார்ப்பது, அந்த நாட்களுக்குக் கொடுப்பனவு உண்டா இல்லையா என்று நான்கு வரியில் கடிதம் எழுதி, தலைவரிடம் கையொப்பம் வாங்கிப் பிரதியை வைத்திருங்கள். வருட நடுவில் குழு மாறினால் புதியவர்களுக்குப் பழைய வாக்குறுதி தெரியாது. துணை ஆசிரியை இல்லாத தனி ஆசிரியை முன்பள்ளியென்றால் இந்தக் கடிதம் பதிவுக்கு முன்பே முடிய வேண்டும், ஏனென்றால் அங்கே நீங்கள் வராத நாள் முன்பள்ளி பூட்டும் நாள்.