அசிஸ்டன்ட் கோச்: சொல் விளக்கம்

அசிஸ்டன்ட் கோச் என்பதற்கு ‘உதவிப் பயிற்றுநர்’ என்பதே பொருத்தமான தமிழ் என்பது என் கருத்து. ‘துணைப் பயிற்சியாளர்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் முன்பாதி, பின்பாதி இரண்டுமே கொஞ்சம் இடறுகின்றன. எங்கே இடறுகின்றன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கோச் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

ஹங்கேரியில், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் போகும் சாலையில் கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகளுக்கு நல்ல பேர். கோச் ஊர் வண்டி என்பதால் ஹங்கேரிய மொழியில் ‘கோச்சி’ என்றார்கள். வண்டியோடு பெயரும் ஐரோப்பா முழுவதும் ஓடியது. ஸ்பெயினில் இன்றைக்கும் காரை ‘கோச்சே’ என்றுதான் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ‘கோச்’ ஆனது. நம்மூர்ப் பழைய கதைகளில் வரும் கோச்சு வண்டியும், ரயில் டிக்கெட்டில் நாம் தேடும் கோச் எண்ணும் இந்த வழியில் வந்தவையே.

வண்டி மனிதரானது 1830 வாக்கில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் பேச்சுவழக்கில். தேர்வில் கரையேற்றிவிடும் தனி ஆசிரியரைக் ‘கோச்’ என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் சேர வேண்டிய இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும் என்ற எண்ணம்தான். நீட் கோச்சிங் சென்டர் பலகைகளில் நாம் பார்ப்பது இந்தப் பழைய பொருள். 1860-களில் சொல் விளையாட்டுக்குள் வந்துவிட்டது.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து இந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட விதம் தனி. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடிய முதல் ஆட்டத்தில் கோச் என்று யாரும் கிடையாது. மாணவர் தலைவரே அணியை நடத்தினார். யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கேம்ப் சம்பளம் வாங்காமல் ஆலோசனை சொல்லிவந்தார். 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரைப் பேராசிரியர் பதவியோடு பயிற்றுநராக வைத்துக்கொண்டது. அப்புறம்தான் இது ஒரு தொழில் என்ற நினைப்பே வலுத்தது. அப்போதும்கூட ஆட்டம் நடக்கும்போது களத்தோரம் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் 1967 வரை அந்தத் தடை இருந்தது.

அசிஸ்டன்ட் கோச்சுகள் பெருகியதற்குக் காரணம் ஆள் மாற்றும் விதி. முன்பெல்லாம் அதே 11 பேர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். விருப்பம்போல ஆட்களை மாற்றலாம் என்ற விதி 1960-களின் நடுவில் நிலைபெற்ற பிறகு, தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு இன்னோர் அணி என்று பிரிந்தது. அதற்குள்ளும் முன்வரிசைக்கு ஒருவர், பந்து பிடிப்பவர்களுக்கு ஒருவர், பின்களத் தடுப்புக்கு ஒருவர் என்று பயிற்றுநர்கள் வந்தார்கள்.

பெரிய பல்கலைக்கழகங்களில் இந்த ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஆள், கைநிறையச் சம்பளம். சிறிய கல்லூரியின் கதை வேறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973-இல் கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கக் கூடாது. அதனால் அங்கே ஓர் உதவிப் பயிற்றுநர் ஆட்டக்காரரைத் தேடிப் போகும்போது கையில் காசு இல்லை. மேல்நிலைப் பள்ளி பள்ளியாகக் காரில் போய், மாணவனிடம் ஆட்டத்தைப் பற்றியும் பெற்றோரிடம் படிப்பைப் பற்றியும் கட்டணச் சலுகையைப் பற்றியும் பேச வேண்டும். பேசிச் சேர்த்த பையன் முதல் பருவத்தில் கணக்கில் தடுமாறினால் அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். பல இடங்களில் அவரே உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பொறுப்பு. வசந்த காலத்தில் தடகள அணியையும் அவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

வேலையின் நடுநாயகம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்துவிடும், அடுத்த வார எதிரணியின் வீடியோ வந்துவிடும். அதை ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு ஆட்ட அசைவுக்கும் ஒரு வரி பதிய வேண்டும். இது எத்தனையாவது முயற்சி, நான்கு முயற்சிக்குள் கடக்க வேண்டிய 10 கெஜத்தில் இன்னும் எத்தனை கெஜம் பாக்கி, பந்து களத்தின் இடப்பக்கமா வலப்பக்கமா, பந்து பிடிப்பவர்கள் எந்தப் பக்கம் எத்தனை பேர், ஓடினார்களா எறிந்தார்களா. மூன்றாவது முயற்சியில் 7 கெஜம் பாக்கி இருந்து, வலப்பக்கம் மூன்று பேர் நின்றால் இந்த அணி பெரும்பாலும் என்ன செய்கிறது என்பது இப்படிப் பல ஆட்டங்களைப் பதிந்த பிறகுதான் தெரியும். திங்கட்கிழமை கூட்டத்தில் தலைமைப் பயிற்றுநர் பேசுவதில் பெரும்பகுதி இந்த வரிகளிலிருந்து வருவது. இந்த உழைப்பு ஆட்டத்தின் செய்தியில் ஒரு வரிகூட இடம் பெறாதது எனக்கு வருத்தம்தான்.

இந்தத் தொழிலில் ஏணியின் முதல் படி ‘கிராஜுவேட் அசிஸ்டன்ட்’. முதுகலை படித்துக்கொண்டே கல்விக்கட்டணச் சலுகைக்கும் சிறு தொகைக்கும் வேலை செய்பவர். மைக் மெக்கார்த்தி கேன்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஹேய்ஸ் ஸ்டேட் என்ற கல்லூரியில் 1987-இல் அப்படித்தான் தொடங்கினார். பிறகு தன் சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கில் பல்கலைக்கழக அணியில் சேர்ந்தபோது, செலவுக்குப் போதாமல் பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலையின் டோல்கேட்டில் பணம் வசூலிக்கும் வேலையும் பார்த்தார். 2011 பிப்ரவரியில், தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற கிரீன் பே அணியின் தலைமைப் பயிற்றுநர் அவர்தான். தோற்றது பிட்ஸ்பர்க் அணி. ஆனால் இப்படி உச்சிக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை ஊர் மாறுகிறார்கள். தலைமைப் பயிற்றுநரை நீக்கினால், அவர் கூட்டிவந்தவர்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் பயிற்றுநர் சங்க மாநாட்டில் வேலை தேடுபவர்கள் ஹோட்டல் முகப்பில் நின்று தெரிந்தவர்களைப் பிடிப்பது வழக்கம்.

மேலே சொன்ன ஸ்டாக்கின் கதை தலைகீழ். 70 வயதானதும் சிகாகோ அவரை ஓய்வுபெற வைத்தது. அவர் கலிபோர்னியா போய் பசிபிக் கல்லூரி அணியை 1946 வரை நடத்தினார். 1947-இல், 85-ஆவது வயதில், பென்சில்வேனியாவில் சஸ்குஹானா என்ற சின்னப் பல்கலைக்கழகத்தில் தன் மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். தலைமைப் பொறுப்பில் ஏற்கெனவே இருந்தவர் மகன். அங்கே 1952 வரை இருந்துவிட்டு, ஸ்டாக்டன் நகரில் ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில் பந்து உதைக்க மட்டும் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுபெற்றபோது வயது 96. மூன்றாம் பிரிவின் இறுதிப் போட்டிக்கு ஸ்டாக் பவுல் என்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சிறிய கல்லூரி ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சரி, தமிழுக்கு வருவோம். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. சுழல், சுழற்று போல. பயிற்றுகிறவர் பயிற்றுநர். ‘பயிற்சியாளர்’ என்பதில் கொடுப்பவரா பெறுபவரா என்ற தெளிவு இல்லை. பணியில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுபவரையும் அப்படி எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல் என்பதால் தவறு என்று தள்ள மாட்டேன். இலங்கைப் பத்திரிகைகள் ‘பயிற்றுவிப்பாளர்’ என்று எழுதுகின்றன. பொருளில் குழப்பமே இல்லை, நீளம்தான் கூடுதல். தமிழ்நாட்டுக் கல்வித் துறையில் ‘ஆசிரியர் பயிற்றுநர்’ என்ற பதவிப் பெயரே இருப்பதால் பயிற்றுநர் நமக்குப் புதிதல்ல.

அடுத்து முன்பாதி. அசிஸ்டன்ட் என்றால் உதவி, அசோசியேட் என்றால் இணை, வைஸ் அல்லது டெபுடி என்றால் துணை. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், துணைவேந்தர் என்று நம் கல்லூரிகளிலேயே இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. ‘துணைப் பயிற்றுநர்’ என்று எழுதினால் தலைமைக்கு அடுத்த ஒரே ஆள் என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் ஓர் அணியில் உதவிப் பயிற்றுநர்கள் பலர். சஸ்குஹானாவில் ஸ்டாக் வகித்த இடத்தை ‘இணைப் பயிற்றுநர்’ என்று சொன்னால் சரியாக இருக்கும். முன்வரிசைக்கு மட்டும் பொறுப்பானவரை ‘முன்வரிசைப் பயிற்றுநர்’ எனலாம். தாக்குதல் அல்லது தடுப்பு முழுவதையும் கவனிக்கும் கோஆர்டினேட்டர் என்பதை ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டால் விழா ஏற்பாடு செய்பவர்போல இருக்கிறது. ‘தாக்குதல் பொறுப்பாளர்’, ‘தடுப்புப் பொறுப்பாளர்’ என்றால் வேலை புரிகிறது.

அழைக்கும்போது மட்டும் இந்தப் படிநிலை கிடையாது. அமெரிக்கக் கல்லூரியில் தலைமைப் பயிற்றுநரும் கோச்தான், நேற்றுச் சேர்ந்த கிராஜுவேட் அசிஸ்டன்டும் கோச்தான். நம் பிள்ளைகள் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவதுபோல. மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953 முதல் 2012 வரை தலைமைப் பயிற்றுநராக இருந்து, மொத்தம் 489 வெற்றிகள் பெற்ற ஜான் கல்யார்டி மட்டும் தன்னைக் கோச் என்று கூப்பிட வேண்டாம் என்றார். அவருடைய மாணவர்கள் அவரை ஜான் என்றே கூப்பிட்டார்கள்.