அரிசி இருந்தது, கறிதான் இல்லை

மொரீசியஸ்காரர்களுக்கு வீட்டில் பொருள் சேர்த்து வைக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நவம்பர் முதல் மே வரை இங்கே புயல் காலம். வானொலியில் எச்சரிக்கை எண் ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறுவதற்குள் மெழுகுவர்த்தி, பிஸ்கட், டின் மீன், நூடுல்ஸ், குடிதண்ணீர் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும். இரண்டு மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம். பிறகு புயல் போகும், மின்சாரம் வரும், கடை திறக்கும். 2020இல் எங்களைத் தடுமாற வைத்தது இந்தப் பழக்கம்தான். கொரோனாவையும் இன்னொரு புயலாக எண்ணி, மூன்று நாள் சாப்பாட்டை முப்பது நாளுக்கு வாங்கிக் குவித்தோம்.

நாட்டில் முதல் தொற்று தெரியவந்தது மார்ச் 18ஆம் தேதி. 20ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. 24ஆம் தேதி வந்த அறிவிப்பில் சூப்பர் மார்க்கெட், பெட்டிக்கடை, ரொட்டிக்கடை எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி மறுபடி திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து முறை வைத்தார்கள். அப்பாசாமி வீட்டார் திங்களும் வியாழனும், முத்துசாமி வீட்டார் செவ்வாயும் வெள்ளியும், வீராப்பன் வீட்டார் புதனும் சனியும் போகலாம். ஆளுக்கு அரை மணி நேரம். அரிசி, மாவு, எண்ணெய், பால் பவுடர் போன்றவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடும் உண்டு.

அந்த அரை மணியில் கை முதலில் எதை எடுக்கும்? அரிசியைத்தான். பயத்தில் காரணம் இல்லாமல் இல்லை. இந்தத் தீவு தான் சாப்பிடுவதில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெளியிலிருந்து வாங்குகிறது. விளைநிலத்தின் பெரும்பகுதியில் நிற்பது கரும்பு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோய், மரவள்ளியும் மக்காச்சோளமும் தின்று காலம் தள்ளியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த வீடுகள் இங்கே உண்டு. 2020 மார்ச்சிலும் வியட்நாம் அரிசி ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தித்தான் வைத்தது. ஆனால் கப்பல்கள் வந்தன, அரிசியும் வந்தது. தட்டில் சோறு குறையவில்லை. அதன் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் குறைந்தது.

நான் உணவு ஆலோசகர், அதாவது டயட்டீஷியன். ஊரடங்கில் வேலை பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடந்தது. ஒவ்வொருவரிடமும் நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன வாயில் போட்டீர்கள் என்று கேட்பேன். கிடைத்த பதில்கள் ஏறக்குறைய ஒரே அச்சு: காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் சோறும் உருளைக்கிழங்கும், இரவு நூடுல்ஸ் அல்லது வீட்டில் தட்டிய பராட்டா. வயிறு நிறைந்துவிடும். புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் எதுவும் போதாது. வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நாட்டில் இந்தச் சாப்பாடு சர்க்கரையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் பயந்தது சர்க்கரை ஏறுவதற்கு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அது திடீரென்று இறங்குவது. ரோஸ்ஹில் பக்கத்தில் ஒரு அம்மா. மகன் கட்டட வேலைக்குப் போகிறவர், வேலை நின்றுவிட்டது. காலையில் கைகால் நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று மருமகள்தான் போன் செய்தாள். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?"

"டீ குடிச்சேன், மகளே. போதும் எனக்கு. பிள்ளைங்க சாப்பிடட்டும்."

"மாத்திரை?"

"அது போட்டேன். அதை விடக்கூடாதுன்னு நீதானே சொல்லியிருக்க."

நீரிழிவுக்கு அந்த அம்மா போடும் கிளிக்கிளாசைடு வகை மாத்திரை, சாப்பாடு வருகிறதோ இல்லையோ, உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாடு பாதியாகி மாத்திரை முழுசாக இருந்தால் சர்க்கரை சரியும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும். நீரிழிவுக்காரர் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவையுங்கள்: சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதைத் தொடர வேண்டும்? இன்சுலினைத் தானாகவே நிறுத்துவதும் ஆபத்துதான்.

அந்த அம்மாவின் பசிக்கு மாத்திரை காரணமில்லை, தெரியும். வீட்டில் சாப்பாடு குறைந்தால் முதலில் தட்டைத் தள்ளிவைப்பவர்கள் பாட்டியும் அம்மாவும்தான். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு அரசு முதல் மாதத்துக்கு 5,100 ரூபாய் கொடுத்தது. சமூகப் பதிவேட்டில் இருந்த ஏழைக் குடும்பங்களுக்கு உணவுப் பொதி போனது. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாமல் தினக்கூலி வாங்கியவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், நிவாரணப் பொதி கட்டுபவர்கள் பத்துக் கிலோ அரிசியை ஐந்தாக்கி, மிச்சப் பணத்துக்குப் பருப்பும் டின் மீனும் வாங்கிப் போட வேண்டும். கோயில் கமிட்டிகளிடமும் இதையே சொல்லி வருகிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள், சிலருக்கு அரிசி மூட்டையோடு படம் எடுத்தால்தான் திருப்தி.

சரி, அந்த அரை மணியில் என்ன எடுக்கலாம்? முதலில் பருப்பு. துவரை, கடலைப் பருப்பு, லான்டி என்று நாம் சொல்லும் மசூர் பருப்பில் கறுப்பு, சிவப்பு, காய்ந்த பீன்ஸ், எதுவானாலும் மாதக்கணக்கில் கெடாது. முழுப் பயறாக இருந்தால் ஈரத்துணியில் முளைகட்டிவிடலாம், பச்சைக் காய்கறி கிடைக்காத நாளில் கொஞ்சம் வைட்டமின் சி அதிலிருந்து வரும். அடுத்தது முட்டை. பிறகு டின் சார்டின், முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் சேரும். டின் பீன்ஸ் வாங்கினால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயடியில் அலசுங்கள், உப்பு கணிசமாகக் குறையும். கருவாடு போட்டால் குழம்பில் தனியாக உப்பு வேண்டாம். இரத்த அழுத்தக்காரர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

இரும்புச்சத்துக்கு ஒரு சின்ன விஷயம். லான்டியும் கீரையும் சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள், இல்லையென்றால் தக்காளிச் சட்னி வையுங்கள். அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு வனிலா டீ குடிக்கும் வழக்கம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, அந்த டீ இரும்பை ஏறவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயை விடச் சொல்லவில்லை, அதைச் சொன்னால் யாரும் என்னிடம் வரமாட்டார்கள்.

கீரைக்குக் கடை தேவையில்லை. தீவில் முருங்கை இல்லாத தெரு குறைவு. கிரியோலில் ப்ரெட் முரும் என்று நாம் சூப் வைக்கும் அந்த இலையில் இரும்பும் வைட்டமின் ஏ ஆவதற்கான சத்தும் கால்சியமும் உண்டு. ஒரு கொம்பை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, பலாக்காய், ஈரப்பலா, வேலியில் படரும் சௌசௌ, இவையெல்லாம் துறைமுகத்தை நம்பி இல்லை. மரவள்ளியை மட்டும் தோல் சீவி நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாகத் தின்றால் நஞ்சு. அந்த ஏப்ரலில் வருஷப் பிறப்பைக் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே கொண்டாடியபோது, கொல்லையில் இருந்ததை வைத்து ஏழு கறியை ஒப்பேற்றிய வீடுகள் உண்டு. வாழை இலையில் சோறு ஒரு மூலை, மிச்ச இடமெல்லாம் காயும் பருப்பும். நான் நோயாளிக்கு வரைந்து காட்டும் தட்டு கிட்டத்தட்ட அதுதான்.

பயத்தில் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். காய்கறியைச் சோப்பிலும் பிளீச்சிலும் ஊறவைத்தவர்கள் இருந்தார்கள். உணவு வழியாகக் கொரோனா பரவியதற்குச் சான்று இல்லை. ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும், பிளீச் வயிற்றுக்குள் போவதுதான் கேடு.

அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கடலில் கசிந்து, அந்தப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்தது. ஊரடங்கில் வருமானம் இழந்த கையோடு மாஹேபூர் பக்கத்து மீனவர் வீடுகளில் மீனும் போயிற்று. வாங்குகிறவனுக்கு மீன் ஒரு கறி. பிடிக்கிறவன் வீட்டுக்குக் கறியும் அதுதான், சம்பளமும் அதுதான். ஒரு இடர் போகுமுன் இன்னொன்று வராது என்று எந்தத் திட்டமும் நம்பக்கூடாது.

கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. பால் பவுடர் தட்டுப்பாடு வந்தபோது, இருக்கிற டின்னை நாள் தள்ள அதிகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய தாய்மார்கள் உண்டு. குழந்தைக்கு எடை ஏறாது, உடம்பின் உப்புச்சத்தும் குலையும். டின்னில் போட்ட அளவுதான் அளவு. தாய்ப்பால் கொடுப்பவர்கள் நோய் பயத்தில் நிறுத்த வேண்டாம். தாய்க்கே கொரோனா இருந்தாலும் முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டின் தீரும் நிலை வந்தால் தண்ணீரைக் கூட்டாமல் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.