எஞ்சின் சிணுங்குமா?

"உங்கள் கார் எஞ்சின் சிணுங்குகிறதா?" என்று தொடங்கிய ஒரு காணொளியைப் போன வாரம் பார்த்தேன். அதற்கு முன்பு ஒரு தமிழ்க் கையேட்டில் 'பெல்ட் பகுதியிலிருந்து சிணுங்கல் ஒலி' என்று படித்திருந்தேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

மூலச்சொல் ஆங்கில 'வைன்' (whine). பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வீனன்' என்றால் அம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு விர்ரென்று பாய்கிற ஓசை. அழுமூஞ்சித்தனம், ஓயாத குறைபாடல் எல்லாம் பிறகு வந்து ஒட்டிய பொருள்கள். மொழிபெயர்ப்பவர் பிறகு ஒட்டியதை எடுத்துக்கொண்டு அகராதியை மூடிவிட்டார்.

சிணுங்கல் விட்டுவிட்டு வருவது. பலூன் கிடைக்காத பிள்ளை 'ங்ங்' என்று இழுக்கும், நிறுத்தி அம்மாவின் முகத்தைப் பார்க்கும், மறுபடி இழுக்கும். மழை சிணுங்குகிறது என்பதும் நின்று நின்று தூறுவதைத்தான். கதைகளில் கொலுசு சிணுங்கும், செல்பேசி சிணுங்கும். போகட்டும், அவையும் தொடர்ந்து ஒலிப்பவை அல்ல. எஞ்சினில் கேட்கும் வைன் அறுபடாத ஒற்றை இழை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், சிறியது. எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் அது இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். அதன் பேரிங் தேய்ந்தால் அத்தனை உச்சத்தில் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. சிணுங்கல் என்பது ஒரு மனநிலை. பேரிங்குக்கு ஏது மனநிலை?

வெறும் சொல் ரசனை என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் கையேடு மூன்று தனித்தனிச் சத்தங்களையும் ஒரே 'சிணுங்க'லில் அடைத்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கிறீச்' என்றால் பெல்ட் வழுக்குகிறது, இழுவை தளர்ந்திருக்கிறது. 'கீச் கீச்' என்று தாளமாக வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கிறீச் கூடும், கீச் சற்று நேரம் அடங்கும். 'உய்ங்ங்' என்று நீண்டால் பெல்ட்டைவிட அது சுழற்றும் பாகங்களின் மேல்தான் முதல் சந்தேகம்: ஆல்டர்னேட்டர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தண்ணீர் பம்பு. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங்கை ஓரம்வரை திருப்பும்போது உய்ங் ஓங்கினால் முதலில் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பாருங்கள். மூன்றையும் சிணுங்கல் என்றால், பேரிங் போன வண்டிக்குப் புது பெல்ட் மாட்டிவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

சரி, வேறு என்ன சொல்வது? 'முனகல்' தாழ்ந்த குரல், ஒத்துவராது. 'இரைச்சல்' என்றால் சந்தைக்கும் அதே சொல்தான். 'ரீங்காரம்' கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனால் வண்டும் பூவும் கூடவே வந்துவிடும், செலவு வைக்கப்போகும் சத்தத்துக்கு அத்தனை இனிமை ஆகாது. அது வடமொழிச் சாயல், 'முரற்சி' என்று எழுது என்றார் ஒரு நண்பர். முரல்தல் அருமையான பழந்தமிழ்ச் சொல், மறுக்கவில்லை. ஆனால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "முரல்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்! தூய்மைக்காகப் புரியாமையை வாங்க நான் தயாரில்லை.

என் தேர்வு 'உய்ங்'. எழுத்திலும் 'உய்ங்கென்ற சத்தம்' என்றே எழுதலாம். கடகட, சலசல, நொய்நொய் என்று காதில் விழுந்ததை அப்படியே சொல்லாக்கிக்கொண்ட மொழி இது. மொழிபெயர்ப்பவர்களுக்குத்தான் அதை எழுதக் கூச்சம்; கௌரவமான பெயர்ச்சொல் வேண்டும், அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம், பட்டறைப் பக்கம் ஒரு நாள்கூட ஒதுங்கியிருக்க மாட்டார்கள்.

என் கார் சத்தம் போட்டபோது கையேட்டு மொழியிலேயே மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். "சிணுங்குதுன்னா? கிறீச்சுனா, உய்ங்னா சார்?" என்று கேட்டார். "உய்ங்" என்றேன். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை டைனமோவின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தார். அவருக்கு ஆல்டர்னேட்டர் இன்னும் டைனமோதான். தலையை ஆட்டிவிட்டு ஐட்லருக்கு நகர்த்தினார். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஐட்லர் புல்லியை விரலால் சுற்றிவிட்டார். மணலை அரைப்பதுபோல் நறநறத்தது.

"பெல்ட் நல்லாத்தான் இருக்கு, சார். இது மட்டும் போதும்."