மின்சார எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் டயர் மாற்றுவதற்கு முன்

சில மாதங்களுக்கு முன் ஒரு மின்சார எஸ்யூவி எங்கள் பணிமனைக்கு வந்தது. அதன் முன்பக்க வலது டயரின் பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கம் இருந்தது. உரிமையாளர் சாலைப் பள்ளத்தைக் குறை கூறினார். நான் குனிந்து டயரில் அச்சிட்டிருந்ததைப் படித்தபோது, பழி முழுவதையும் பள்ளத்தின் மேல் போட முடியாது என்று புரிந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்த டயரின் சுமைக் குறியீடு 116; பெரிய ரிம் வேண்டும் என்று அவர் பிறகு வாங்கிப் போட்டிருந்ததில் 111. அதாவது, ஒவ்வொரு சக்கரத்திலும் 1,250 கிலோ தாங்கும் டயர் இருக்க வேண்டிய இடத்தில் 1,090 கிலோ தாங்கும் டயர் ஓடிக்கொண்டிருந்தது. விற்றவர் அளவு பொருந்துகிறதா என்று பார்த்திருக்கிறார், வாங்கியவர் தோற்றம் பிடித்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். எடையை இருவருமே பார்க்கவில்லை.

பெட்ரோல், டீசல் வண்டிகளில் பழகிய கண்ணுக்கு இந்தத் தவறு எளிதில் தென்படுவதில்லை. மின்சார வாகனத்தின் தளத்துக்கு அடியில் பேட்டரி படுத்திருப்பதால், வெளித்தோற்றத்தில் ஒரே அளவாகத் தெரியும் இரண்டு வண்டிகளுக்கு இடையே பல நூறு கிலோ வித்தியாசம் இருக்கும். ரிவியன் ஆர்1டி பிக்கப் ஆள் ஏறுவதற்கு முன்பே ஏறத்தாழ 3.2 டன், ஹம்மர் இவி பிக்கப் 4 டன்னைத் தாண்டிவிடும். இதில் ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, பின்னால் டிரெய்லரும் மாட்டினால், கூடும் சுமையில் பெரும்பகுதி பின் அச்சில்தான் இறங்குகிறது. பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடை 2,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 111 குறியீடு கொண்ட இரண்டு டயர்களும் சேர்ந்து 2,180 கிலோதான் தாங்கும். அந்த 20 கிலோ பற்றாக்குறை முதல் நாளே டயரை வெடிக்க வைக்காது. ஆனால் வெயிலில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடும்போது பக்கச்சுவர் கூடுதலாக மடிந்து சூடேறும், உள்ளிருக்கும் நூலிழைகள் மெல்ல மெல்லத் தளரும். கடைசியில் ஒரு சிறு பள்ளமே போதுமானதாகிவிடும்.

ஆகவே புதிய டயரில் முதலில் படிக்க வேண்டியது, அளவுக்கு அடுத்தபடியாக அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைத்தான். அது வாகனத் தயாரிப்பாளர் குறித்ததற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தால் பரவாயில்லை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. கூடவே எக்ஸ்எல் (கூடுதல் சுமை) அல்லது எச்எல் (உயர் சுமை) என்ற எழுத்துகள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். எச்எல் வகை, அதே அளவுள்ள எக்ஸ்எல் டயரை விடவும் கூடுதல் எடை தாங்கும்படி, பேட்டரி வாகனங்கள் போன்ற கனமான வண்டிகளை மனத்தில் வைத்து வந்தது. தொழிற்சாலையிலேயே எச்எல் போட்டு வந்த வண்டிக்கு, அளவு ஒன்றுதானே என்று சாதாரண டயரை மாட்டுவது, முதலில் சொன்ன உரிமையாளர் செய்த அதே தவறுதான்.

எல்டி என்று தொடங்கும் டிரக் டயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் சுமைக் குறியீடு பெரும்பாலும் உயர்வாகவே இருக்கும். ஆனால் அந்த எடையைத் தாங்க அவற்றுக்கு மிக உயர்ந்த காற்றழுத்தம் தேவை. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அழுத்தம் தொழிற்சாலை டயருக்காகக் கணக்கிடப்பட்டது. எல்டிக்கு மாறிய பிறகும் அதே அளவு காற்றை நிரப்பினால், முரட்டுத்தனமாகத் தெரியும் அந்த டயர் உண்மையில் பழையதை விடக் குறைவாகத் தாங்கும் நிலைகூட வரலாம். டயர் தயாரிப்பாளரின் சுமை–அழுத்த அட்டவணையைப் பார்க்காமல் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. காற்றைப் பற்றிப் பேசுவதால் எங்கள் தொழிலின் பழக்கதோஷம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: கார் என்றாலே 32 பிஎஸ்ஐ நிரப்பும் கைகள் இன்னும் இருக்கின்றன. 40க்கு மேல் கேட்கும் மின்சார எஸ்யூவிகள் பல உள்ளன, ரிவியன் 48 கேட்கிறது. காற்று அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எடைக்கு அடுத்து ரிம். 275/65 ஆர்20 என்ற டயரில் 275 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 179 மில்லிமீட்டர். 275/50 ஆர்22 என்றால் அந்த உயரம் 137 மில்லிமீட்டர் சொச்சம்தான். ரிம் இரண்டு அங்குலம் வளர்ந்தபோது, பள்ளத்தின் விளிம்புக்கும் அலாய் ரிம்முக்கும் இடையிலிருந்த ரப்பரில் நான்கு சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது. மூன்று டன் எடை பள்ளத்தில் இறங்கும்போது அந்த நான்கு சென்டிமீட்டர்தான் ரிம் வளையுமா, தப்பிக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கேலிப்பர் (பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காமல் பொருந்தக்கூடிய, தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் ஆகச் சிறிய ரிம்மைத்தான் நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். 22 அங்குல ரிம் வளைவுகளில் துல்லியமாகத் திரும்பும் என்பது உண்மையே. வாகனத்தை அப்படி ஓட்டுபவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைவதைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். அதில் உருளும்போது டயர் காட்டும் எதிர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஐரோப்பிய டயர் லேபிளில் ஏ முதல் இ வரையுள்ள எரிபொருள் சிக்கனத் தரம் இதைத்தான் அளக்கிறது. கார் டயர்களில் நல்ல பி தரத்து டயரை, ஒரு டன் எடைக்கு 7 கிலோ விசை கொடுத்து இழுத்தால் உருளும். டி தரத்தின் கடைசி எல்லையில் உள்ளதற்கு 10.5 கிலோ வேண்டும். மூன்று டன் வண்டிக்கு இதைக் கணக்கிட்டால், 100 கிலோமீட்டருக்கு முதல் டயர் சுமார் 5.7 யூனிட் மின்சாரத்தைத் தின்னும், இரண்டாவது 8.6 யூனிட் தின்னும். கிட்டத்தட்ட 3 யூனிட் வித்தியாசம். 100 கிலோமீட்டருக்கு 28 யூனிட் செலவழிக்கும் வண்டியில் அது பத்தில் ஒரு பங்கு. பேட்டரியில் ஒரு மாற்றமும் இல்லாமல், டயரால் மட்டுமே வரும் இழப்பு இது.

ஆனால் இழப்பு என்று தோன்றுவதெல்லாம் இழப்பு அல்ல. ஒரு பிக்கப் உரிமையாளர் 275/55 ஆர்21 டயர்களைக் கழற்றிவிட்டு, கரடுமுரடான பாதைகளுக்கான 275/65 ஆர்20 டயர்களை மாட்டிய பின், தூரம் பயங்கரமாகக் குறைந்துவிட்டதாகப் புகார் செய்தார். டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியைச் சரியாக ஒரு சுற்று உருட்டி, டேப் பிடித்து அளந்து காட்டினேன். பழைய டயரை விடப் புதியது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் கூடுதலாக நகர்ந்தது. விட்டம் 836 மில்லிமீட்டரிலிருந்து 865க்கு, அதாவது 3.5 சதவீதம் ஏறியிருக்கிறது. திரையில் 100 கிலோமீட்டர் என்று வரும்போது அவர் உண்மையில் 103.5 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். அவர் சொன்ன குறைவில் அந்தப் பங்கு வெறும் எண்ணும் பிழை. அதே பிழையால் வேகமானியும் உண்மையை விடக் குறைத்துக் காட்டும் என்பதுதான் கவலைக்குரியது. சில வாகனங்களில் சக்கர அளவைத் தேர்ந்தெடுக்க மென்பொருளிலேயே இடம் உண்டு. மாற்றியவுடன் அதைத் திருத்துங்கள். மொத்த விட்டம் பழையதிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது.

மீதிக் குறைவுக்கு அந்த டயரின் பெரிய பட்டன்களும் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) கூடுதல் எடையும் காற்று எதிர்ப்பும் காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: எந்தப் புதிய டயரும் தேய்ந்த டயரை விடச் சற்றுக் கடினமாகவே உருளும், ஏனெனில் ஆழமான பட்டன்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிகின்றன. பழைய டயரின் கடைசி மாதத்தோடு புதியதன் முதல் மாதத்தை ஒப்பிடுவது நியாயமாகாது. மண்ணிலும் பாறையிலும் மாதத்துக்கு ஒரு முறையாவது இறங்குபவருக்கு அந்த டயர் தேவைதான்; வாங்கிய நாளிலிருந்து தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன்.

தனியாக ரிம் வாங்குபவர்கள், அதன் உட்புறத்தில் பொறித்திருக்கும் அதிகபட்சச் சுமையையும் படிக்க வேண்டும். டயர் 1,250 கிலோ தாங்கி, ரிம் 900 கிலோ மட்டுமே தாங்குமானால் உங்களிடம் இருப்பது 900 கிலோ சக்கரம்தான். உள்ளே சத்தம் குறைக்கும் ஃபோம் ஒட்டிய டயரில் பஞ்சர் ஆனால், அந்த இடத்து ஃபோமை வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, உள்ளிருந்து பேட்ச் போடத் தெரிந்த இடத்துக்குப் போங்கள். ஜாக்கியைத் தயாரிப்பாளர் குறித்த புள்ளிகளில் மட்டுமே வைக்க வேண்டும், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ஒருபோதும் கூடாது. சக்கரம் மாற்றி 80 அல்லது 100 கிலோமீட்டர் ஓடிய பின், நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்க்க வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். பத்துப் பேரில் மூன்று பேர்தான் வருகிறார்கள்.