நாழிகை, கன்னல், கடிகாரம்: சொல் விளக்கம்

நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் 60 நாழிகை. இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம், ஏழரை நாழிகை ஒரு சாமம். தமிழ்ப் பஞ்சாங்க வழக்கில் முகூர்த்தம் மூன்றே முக்கால் நாழிகை. கல்யாணப் பத்திரிகையில் ‘காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று ஒன்றரை மணி நேரம் அச்சாவது இந்தக் கணக்கில்தான். வடமொழி நூல்களில் அதே முகூர்த்தம் இரண்டே நாழிகை, அதாவது 48 நிமிடம். பெயர் ஒன்று, அளவு வேறு.

சொல்லின் வேர் நாழி. உள்ளே துளையுள்ள குழாய் போன்ற பொருளுக்கும் முகத்தலளவைக்கும் அதுவே பெயர்: இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. வடமொழியின் நாடிகா, நாளிகா என்பவையும் குழாய் என்ற பொருளில் நிற்பவையே. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வழக்கு ஓயாதது, அதை விட்டுவிடலாம். அளக்கிற பாத்திரத்தின் பெயர் அளக்கப்படும் பொழுதுக்கு ஏறிக்கொண்டது என்பது மட்டும் தெளிவு. மலையாளத்தில் இதே சொல் தொலைவுக்கும் போய், மைலையே நாழிக என்றார்கள்.

அந்தப் பாத்திரத்துக்குச் சங்க காலப் பெயர் கன்னல். கன்னல் என்றதும் இன்றைக்குக் கரும்புதான் நினைவுக்கு வரும், இது வேறு. மதுரையாசிரியர் நல்லந்துவனார் பாடிய அகநானூறு 43இல் ‘குறுநீர்க் கன்னல் எண்ணுநர் அல்லது’ என்று ஓர் அடி. மழை மூடி ஞாயிறு இருக்கும் பக்கமே தெரியவில்லை. கன்னலை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு மட்டும்தான் பொழுது தெரியும். முல்லைப்பாட்டில் ‘பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்’ பாசறையில் அரசனுக்கு நாழிகை சொல்கிறார்கள். சிலப்பதிகாரம் இந்தத் தொழிலாளரை நாழிகைக் கணக்கர் என்கிறது. உரைகாரர்கள் கன்னலுக்குத் தரும் பொருள் நாழிகை வட்டில்.

வட்டிலின் அமைப்பு எளிது. மெல்லிய செம்புத் தகட்டில் அரைக்கோளக் கிண்ணம், அடியில் ஊசித் துளை. பெரிய அண்டாவில் அசையாத தண்ணீரில் மிதக்க விட்டால், கீழிருந்து நீர் ஊறி, நிரம்பி, மூழ்கும். ஒரு முழுக்கு ஒரு நாழிகை. செய்யும்போது துளையைச் சிறிதாகவே தொடங்க வேண்டும். மூழ்க நேரம் பிடித்தால் துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கலாம். பெரிதாகிப்போன துளையைச் சிறிதாக்குவது பெரும்பாடு. ஒரு நண்பகல் தொடங்கி மறு நண்பகல் வரை 60 முழுக்கு வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

பிழை வரும் இடங்கள் சில. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் துளையோரம் உப்புப் படிந்து நாழிகை நீளும். அதைப் புளி போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டே வந்தால் துளை அகன்று நாழிகை குறுகும். சித்திரை வெயிலில் சூடேறிய தண்ணீர் இளகி ஓடுவதால் கிண்ணம் சற்று முந்தும். எல்லாவற்றையும்விட ஆள் செய்யும் பிழை பெரியது: மூழ்கிய கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து மறுபடி மிதக்க விட 10 நொடி ஆனால், 60 முழுக்குக்கு 10 நிமிடம் போய்விடும். மாற்றுக் கிண்ணம் ஒன்றைத் தயாராக வைத்தால் இது தீரும்.

கடிகாரம் என்ற சொல்லும் இதே கிண்ணத்தில்தான் முளைத்தது. வடமொழியில் கடம் பானை, கடிகை சிறு பானை; அதுவும் 24 நிமிடத்துக்கே பெயரானது. ஆகவே நீர்க்கடிகாரம் என்று புதிதாக எழுதுவது, பழைய பானைக்கு இன்னொரு முறை தண்ணீர் ஊற்றுவது போல. நாழிகை வட்டில் இருக்கும்போது அது வேண்டியதில்லை.

மணி வேறு வழியில் வந்தது. அடித்த மணியின் ஓசையே நேரமானது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பூசை முடிந்ததை மதுரையில் திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) அறிய, வழிநெடுக மணி மண்டபங்களில் அடுத்தடுத்து மணி அடித்தார்கள் என்று இந்தப் பக்கம் வழங்கும் செய்தி அதற்குப் பொருத்தம். திண்டுக்கல்லில் மணிக்கூண்டு, குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் கடிகாரத்துக்கே மணிக்கூடு என்று பெயர். தனித்தமிழ் வேண்டுவோர் மணிப்பொறி என்கிறார்கள். பேச்சில் ஏறி நிற்பது மணிக்கூடு. எனவே அதை எடுத்துக்கொள்வதே நல்லது.

பஞ்சாங்க நாழிகையை மணியாக்கும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. 23.45 என்று போட்டிருந்தால் 23 நாழிகை 45 விநாழிகை (60 விநாழிகை ஒரு நாழிகை), அதாவது இருபத்து மூன்றே முக்கால் நாழிகை. 24ஆல் பெருக்கினால் 570 நிமிடம், 9 மணி 30 நிமிடம். தசமப் புள்ளியாக எண்ணிக் கால்குலேட்டரில் தட்டினால் 7 நிமிடம் குறையும். அடுத்தது, இந்த நேரத்தை 6 மணியோடு கூட்டுவது. கூட்ட வேண்டியது அன்றைய சூரிய உதயத்தோடு. மதுரையில் தை நடுவில் உதயம் சுமார் 6.40, விடை மாலை 4.10, மாலை 3.30 அல்ல. வைகாசி நடுவில் உதயம் 5.55 அளவில். 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு உரியது, மதுரை 78.1 பாகையில் இருப்பதால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாகப் பகல் 12.17க்கு மேல்தான். பிப்ரவரி நடுவில் 12.32 வரை தள்ளும், நவம்பர் தொடக்கத்தில் 12.01க்கே வந்துவிடும்.

கடைசியாக வினாடி. விநாடி, விநாழிகை இரண்டும் நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, 24 செகண்டு. இன்று வினாடியை ஒரு செகண்டுக்கே எழுதுகிறோம். பழைய சோதிட ஏட்டில் ‘பத்து விநாடி’ என்றிருந்தால் அது நான்கு நிமிடம். செகண்டுக்கு நொடி என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.