சிறுநீர்ப்பெருக்கி: அந்தச் 'சிறு' எதற்கு?

கால்களில் நீர் கோத்து வீங்கியிருப்பவரிடம் 'நீர்ப்பெருக்கி' என்று ஒரு மாத்திரையைக் கொடுத்தால் அவர் திகைக்கத்தான் செய்வார். உடம்பில் இருக்கும் நீர் போதாதென்று இன்னுமா பெருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் டையூரெடிக் எனப்படும் மருந்தைத்தான் இப்படிச் சுருக்கி எழுதுகிறோம். முழுச்சொல் சிறுநீர்ப்பெருக்கி.

டையூரெடிக் கிரேக்க வழியில் வந்த சொல். 'ஊரோன்' என்றால் சிறுநீர். யூரியா, யூரிக் அமிலம் எல்லாம் அதன் உறவினர். 'டியா' என்ற முன்னொட்டுக்கு 'ஊடாக' என்று பொருள். சிறுநீராக வெளியேற்றுவது என்பதே மூலக்கருத்து. தமிழிலோ பெருகு என்ற தன்வினை பெருக்கு எனப் பிறவினையாகி, இகரம் ஏற்றுப் பெருக்கி ஆகிறது. ஒலிபெருக்கியும் உருப்பெருக்கியும் இதே அச்சில் வார்த்தவை. பேச்சு வழக்கிலுள்ள 'நீர் மாத்திரை' இலக்கணம் பார்க்காவிட்டாலும் யாரையும் குழப்புவதில்லை.

இந்த மருந்துகள் நீரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஏறக்குறைய 99 விழுக்காட்டை இரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திரும்பும் சோடியத்தின் (உப்பின் ஒரு கூறு) பின்னாலேயே நீரும் போகிறது. ஃபுரோசெமைடு, தயசைடு போன்றவை அந்தச் சோடியத்தை வழிமறிக்கின்றன. உப்பும் நீரும் சேர்ந்து வெளியேற, வீக்கம் வடிகிறது, இரத்த அழுத்தம் தணிகிறது. கூடவே பொட்டாசியமும் கரைந்து போகும் என்பதால்தான் இடையிடையே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். ஸ்பைரனோலாக்டோன் என்ற சிறுநீர்ப்பெருக்கி அதற்கு விலக்கு. அது பொட்டாசியத்தை உடலிலேயே தங்கவைக்கும்.

அப்படியென்றால் 'உப்புநீக்கி' என்றே சொல்லிவிடலாமே? சாலுரெடிக் என்று அப்படியொரு கலைச்சொல்லும் உண்டு. ஆனால் மானிட்டால் என்ற சிறுநீர்ப்பெருக்கி உப்பை வழிமறிப்பதில்லை. வடிகட்டிய நீர் இரத்தத்துக்குத் திரும்பாதபடி தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. வழிகள் வேறு, விளைவு ஒன்று. 1919இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், சிபிலிஸ் நோய்க்கென்று ஒரு பாதரச ஊசி மருந்தைச் செலுத்தியபோது சிறுநீர் மிகுந்து போவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரிந்தது அந்த விளைவு மட்டுமே. விளைவை வைத்துப் பெயரிடும் சிறுநீர்ப்பெருக்கிதான் எல்லா வகைக்கும் பொருந்துகிறது.

'சிறு' என்ற இரண்டெழுத்தை விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, ஆன்டிடையூரெடிக் ஹார்மோனை மொழிபெயர்த்துப் பாருங்கள். சுருக்க வழக்கின்படி அது 'நீர்ப்பெருக்கத்தைத் தடுக்கும் ஹார்மோன்' ஆகிவிடும். உண்மையில் உடலில் நீரைத் தேக்கிவைப்பதே அந்த ஹார்மோனின் வேலை.