முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை

கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேமைப் பிடித்து, அங்கிருந்த ஆலயத்தை எரித்துத் தள்ளியது. அதுவரை யூதர்களின் வழிபாட்டுக்கு அந்த ஒரு கட்டிடம்தான் மையம். பலிபீடம் அங்கே, குருமார்கள் அங்கே, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பாஸ்கா பண்டிகைக்கு ஆட்டுக்குட்டியை அறுப்பதும் அங்கேதான். ஒரே கோடையில் எல்லாம் போயிற்று. அந்தச் சமூகமும் அத்தோடு சிதறிக் காணாமல் போயிருக்கலாம். போகவில்லை.

ஏறக்குறைய கி.பி. 200-ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில் பாஸ்கா இரவை எப்படி நடத்துவது என்று விவரமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு நடுவில் மகன் கேட்கவேண்டும்: மற்ற இரவுகளைப் போல இல்லாமல் இந்த இரவு மட்டும் ஏன் இப்படி? கேட்கத் தெரியாத பிள்ளைக்கு அப்பாவே கற்றுத்தர வேண்டும். கசப்புக் கீரையும் புளிப்பில்லாத அப்பமும் எதற்கு என்று விளக்க வேண்டும். எகிப்திலிருந்து விடுதலையான கதையை அவமானத்தில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும், தானே எகிப்தை விட்டு வெளியேறியதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆலயத்தைச் சுற்றி இருந்த கதை, எந்த ஊரிலும் நடத்தக்கூடிய ஒரு சாப்பாட்டுக்கு மாறிவிட்டது. ஊரை விட்டுத் துரத்தினாலும் கூடவே வரும்.

சரி, இப்படிப்பட்ட புனிதக் கதை நெருக்கடியில் ஆட்களை எப்படித் தாங்குகிறது? நம்பிக்கை தருகிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பதிலில் பாதிதான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். கணினித் திரையில் பாறைகள். அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்னதிர்ச்சி. கண்பாவை விரிவதையும் வியர்ப்பதையும் வைத்து மன அழுத்தத்தை அளந்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தவேளையில் அழுத்தம் உச்சத்துக்குப் போகவில்லை. வருமா வராதா, பாதிக்குப் பாதி என்று இருந்தபோதுதான் போனது. வலியை விட நிச்சயமின்மைதான் அதிகம் வதைக்கிறது.

போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் இந்த ‘பாதிக்குப் பாதி’ நிலையைத்தான் மாதக்கணக்கில் நீட்டுகின்றன. புனிதக் கதையால் வருகிற அடியைத் தடுக்க முடியாது. ஆனால் இப்போது நடப்பதற்கு ஒரு வரிசையில் இடம் கொடுக்கிறது: இது முன்பும் நடந்தது, இதற்குப் பின் இன்னது வந்தது. முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக்கதைக்கு அந்த வேலை செய்யவராது.

இது தனி மனிதருக்குள் நடப்பது. ஆட்களுக்கு நடுவே நடப்பது இதைவிட முக்கியம். கதை எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். தகவல் தொடர்பு அறுந்து, அதிகாரி யார் என்றே புரியாத நாளில், பக்கத்து வீட்டுக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிக்க இந்த ஒன்றாவது கையில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் அக்டா மக்களிடம் ஒரு கதை உண்டு. வானத்துக்கு யார் ஒளி தருவது என்று சூரியனும் சந்திரனும் சண்டை போடுகிறார்கள். சந்திரன் சூரியனுக்குச் சளைத்தவள் இல்லை என்று தெரிந்ததும் பகல் ஒருவருக்கு, இரவு ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். அக்டா குடியிருப்புகளில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. அரிசியைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது மற்றவருக்குத் தரலாம் என்ற விளையாட்டில், நல்ல கதைசொல்லிகள் அதிகம் இருந்த குடியிருப்பினர் அதிகம் கொடுத்தார்கள். யாரோடு சேர்ந்து வாழ விருப்பம் என்று கேட்டபோது, கெட்டிக்கார வேட்டைக்காரரை விடக் கதைசொல்லிக்குத்தான் கிராக்கி!

கதை எப்போதும் காப்பாற்றும் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. 1856-ல் தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் ஒருபக்கம் காலனி ஆட்சியாலும் மறுபக்கம் மாடுகளைக் கொன்ற நுரையீரல் நோயாலும் நொந்துபோயிருந்தார்கள். அப்போது நோங்கவூசே என்ற இளம்பெண், முன்னோர்கள் சொன்னதாக ஒரு செய்தி சொன்னாள்: மாடுகளைக் கொன்று, தானியத்தை அழித்துவிட்டால், இறந்தவர்கள் எழுந்து வருவார்கள், புது மாடுகள் வரும், வெள்ளையர் போவார்கள். முன்னோர்கள் திரும்புவார்கள் என்பது அந்த மக்களுக்குப் புரிகிற மொழி. அதனால் செய்தி வேகமாகப் பரவியது. ஏறத்தாழ நான்கு லட்சம் மாடுகள் வெட்டப்பட்டன. சொன்ன நாள் வந்தது, போனது. 1857 பிப்ரவரியில் கடைசியாகக் குறித்த நாளும் போனது. அப்புறம் பஞ்சம்; ஏறத்தாழ 40,000 பேர் இறந்தார்கள்.

பாஸ்கா கதை நடந்து முடிந்ததைச் சொல்கிறது, கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அதில் ஓர் இடம் வைத்திருக்கிறது. நோங்கவூசேயின் கதை நாள் குறித்தது. நாள் தவறியபோது நம்பியவர்கள் கதையைச் சந்தேகிக்கவில்லை. மாடுகளை வெட்ட மறுத்த அண்டை வீட்டாரால்தான் முன்னோர்கள் வரவில்லை என்றார்கள்.